டிஸ்டோப்பியக் கதையின் நாயகி கிளர்ச்சியின் சின்னமாவது எப்படி: வாவிக்கரையிலிருந்து எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

கொடுங்கோல் அரசொன்றை எதிர்த்து நிற்கும் இளம்பெண்ணின் முகமோ, உடையோ, அவள் கையிலிருந்த சிறு பொருளோ நாடெங்கும் கிளர்ச்சியின் சின்னமாகப் பரவுவது டிஸ்டோப்பியப் புனைகதையில், அதாவது ஒடுக்குமுறை நிறைந்த கற்பனைச் சமூகத்தைக் காட்டும் கதைகளில், வாசகர் நன்கறிந்த கதைப்போக்கு. இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புதிதாக எழுத வந்திருக்கும் இளையவர்கள் என்னிடம் வாசிக்கத் தந்த கதைகளில் இந்தப் போக்கை அடிக்கடி காண்கிறேன். கூடவே ஒரு குறையையும் காண்கிறேன். நாயகி ஓரிடத்தில் நின்று முழங்குகிறாள், அடுத்த அத்தியாயத்தில் மக்கள் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே நடந்திருக்க வேண்டியவை எழுதப்படவில்லை. அந்த நடுப்பகுதியை எழுதுவதற்கே இந்த வழிகாட்டி. ஒருத்தியைச் சின்னமாக்குவோர் அவளைப் பார்த்து நின்றவர்கள் என்பதும், அவர்களை எழுதத் தெரிந்தவருக்கே இக்கதை கைகூடும் என்பதும் என் உறுதியான நிலைப்பாடு.

இதற்கு இரண்டு சான்றுகளை முதலில் வைக்கிறேன். 2008இல் வெளியான சுசான் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலில் காட்னிஸ் எவர்டீன், அரசு நடத்தும் மரணப் போட்டிக்குத் தெரிவான தன் தங்கைக்குப் பதிலாகத் தன்னை முன்வைக்கும்போது, கைதட்டும்படி கேட்கப்பட்ட கூட்டம் கைதட்டாமல் நிற்கிறது. பின்னர் ஒருவர், இன்னொருவர் என்று ஏறக்குறைய எல்லோரும் இடக்கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் தொட்டு அவளை நோக்கி நீட்டுகிறார்கள். உலகெங்கும் புகழ்பெற்ற அந்த மூவிரல் சைகையைக் கதையில் முதலில் செய்பவள் நாயகி அல்லள், அவளைப் பார்த்து நின்ற ஊர். இரண்டாவது சான்று நமக்கு இன்னும் நெருக்கமானது. மதுரையை எரித்த கண்ணகி விண்ணேறியதைக் கண்டவர்கள் மலைக்குறவர்கள். அவர்கள் போய்ச் சேரன் செங்குட்டுவனிடம் சொன்ன பிறகே இமயத்துக் கல் வருகிறது, கோயில் எழுகிறது, இலங்கைக் கயவாகு மன்னன் அங்கு வந்து வணங்குகிறான். கண்டவர் வாய் திறந்திராவிட்டால், தம்பிலுவிலிலும் காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் வைகாசியில் கண்ணகிக்குச் சடங்கு நடப்பதற்கு வழியே இருந்திராது.

முதற்படி: ஆட்சியை ஒரே ஒரு பொருளின் மீது இறுக்குங்கள்

அரசு எல்லாவற்றையும் ஒடுக்குகிறது என்று எழுதினால் வாசகருக்கு எதுவும் வலிக்காது. மக்கள் நாள்தோறும் தொடும் ஒரு பொருளைத் தேர்ந்து, அதை அரசின் கையில் கொடுங்கள். அம்பாறையிலிருந்து எழுதுபவருக்குச் சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் இருக்கிறது: போகத் தொடக்கத்தில் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் விவசாயிகளோடு பேசித் தீர்மானிக்கும் நீர் திறப்பு ஒரு எதிர்கால அதிகாரத்தின் தனி உரிமையாகிவிட்டால், சிறுபோகத்தில் எந்த வட்டை (வயல்வெளி) விளையும், எந்த வட்டை காயும் என்பதை ஒரு கையெழுத்து முடிவு செய்துவிடும். மட்டக்களப்பிலிருந்து எழுதுபவருக்கு வாவி இருக்கிறது. கிழக்குக் கரையான எழுவான்கரையையும் மேற்குக் கரையான படுவான்கரையையும் பிரித்துக் கிடக்கும் அந்த நீரை, 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அந்தத் துறையில் மக்கள் ‘பாதை’ எனப்படும் கடவைப் படகிலேயே கடந்தார்கள். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் பாதையில் கடக்கும் பழக்கம் நீண்டகாலமாக உண்டு.

இவ்வழிகாட்டி முழுவதற்கும் ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வருங்காலம் ஒன்றில் பாலங்கள் யாவும் மூடப்பட்டுவிட்டன. ‘கடவை ஆணையம்’ என்ற அதிகாரம் வாவியைக் கடக்கும் அனுமதியைத் தன்வசம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு துறையிலும் வெள்ளைக் கம்பம் நட்டு, கடப்போரை அதனருகே நிறுத்தி எண்ணுகிறது. சிலர் இரவில் அக்கரைக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள், திரும்பி வருவதில்லை. அவர்கள் விரும்பியே போனார்கள் என்று குடும்பத்தார் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். இட்டால்தான் அரிசி அட்டை புதுப்பிக்கப்படும். ஆட்சியைப் பற்றி வாசகர் அறிய வேண்டியது இவ்வளவே. இதற்குமேல் வரலாறு, அமைச்சுகள், போர்கள் என்று பத்துப் பக்கம் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் படி: நாயகிக்குக் கொள்கையைக் கொடுக்காதீர்கள், ஆளைக் கொடுங்கள்

தொடக்கத்தில் அவள் அரசைக் கவிழ்க்க விரும்பக்கூடாது. காட்னிஸ் தங்கையைக் காக்க விரும்பினாள், கண்ணகி கணவன் கள்வன் அல்லன் என்று நிறுவ விரும்பினாள். நம் எடுத்துக்காட்டில் பாதை வலிக்கும் பெண்ணொருத்தி இருக்கிறாள். அவளை நாச்சியார் என்று அழைப்போம். அவளுடைய தம்பியை ஆணையம் கொண்டுபோயிருக்கிறது. தாளில் கையெழுத்திடாமல் அவனைப் பற்றி ஒரு சொல் அறிய வேண்டும் என்பதே அவள் வேண்டுவது.

இவ்விடத்தில் ஊரின் வழக்கம் கதைக்குக் கைகொடுக்கும். கிழக்கில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்கு உரியது. தாய்வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்பட, மருமகன் அங்கு வந்து வாழ்கிறான். ஆகவே நாச்சியாரைத் தண்டிக்க நினைக்கும் அதிகாரம் அவளைச் சிறையிடும் முன்பே அவளுடைய வளவில், அதாவது வீட்டிலும் அதைச் சூழ்ந்த நிலத்திலும், கை வைக்கும். அப்போது அடிபடுவது அவள் ஒருத்தி மட்டுமன்று. அந்த வீட்டில் பிறந்த தங்கைகள், அங்கு ஒடுங்கிக் கிடக்கும் மூத்தம்மா, இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகள் என்று ஒரு தாய்வழியே அடிபடுகிறது. வேற்று நாட்டுக் கதையிலிருந்து எடுத்த தண்டனையால் இந்த வலியைத் தர முடியாது.

மூன்றாம் படி: செயலைச் சாட்சிகள் நடுவே நிகழ்த்துங்கள்

கதையின் அச்சு இதுதான் என்பதால் இதற்கு அதிக நேரம் செலவிடுங்கள். செயல் சிறியதாக, சொல் குறைந்ததாக, அவளுடைய சொந்தத் துயரத்திலிருந்தே பிறந்ததாக இருக்க வேண்டும். அதைப் பார்க்கும் கூட்டம் ஏதோ ஒரு காரணத்துக்காக அங்கு ஏற்கெனவே நிற்க வேண்டும். அவளைப் பார்ப்பதற்கென்று கூட்டப்பட்டிருந்தால் அது மேடையாகிவிடும்.

நாச்சியாரின் கதையில் காலைப் பாதைக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். வலைக்காரர், சந்தைக்கு மரக்கறி கொண்டு போகும் பெண்கள், பாடசாலைப் பிள்ளைகள், இரண்டு முதியவர்கள். கடவை அதிகாரி தாளை நீட்டி, உன் தம்பி இனி எங்கும் இல்லை, கையெழுத்தைப் போடு என்கிறான். அவள் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த சவளை (துடுப்பை) நீரில் ஊன்றி, அதன் மேல்முனையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். கல்லடிப் பாலத்தருகே நிலவுக்காலத்தில் தோணியிலிருந்து பாடும்மீனின் ஒலியைக் கேட்க நம்மவர் செய்யும் அதே செய்கை அது என்பதை வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் அறிவர். இங்கே பகல், இங்கே பாட்டு இல்லை. ஆயினும் அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

“என்ன புள்ள கேக்குது?” என்கிறாள் வரிசையில் நின்ற கிழவி.

“தம்பிர சத்தம், மூத்தம்மா.”

“மறுகா?” (பிறகு?)

“மறுகாவும் கேக்குது. அவன் தனியா இல்ல.”

இக்காட்சியை எழுதும்போது நாயகியின் மனத்துக்குள் நீண்ட நேரம் தங்காதீர்கள். பார்வையை வரிசைக்குத் திருப்புங்கள். யார் தலையைக் குனிந்தார், யார் பிள்ளையின் கண்ணை மூடினார், எந்த வலைக்காரர் தம்மையறியாமல் தம் சவளைப் பார்த்தார் என்பவையே வாசகருக்குத் தேவை. அதிகாரி என்ன செய்வதென்று அறியாமல் நிற்கும் சில கணங்களையும் விட்டுவிடாதீர்கள்: அவள் எந்த விதியையும் மீறவில்லை என்பதால் அவன் கையில் அதற்கான தண்டனை இல்லை.

நான்காம் படி: சின்னத்தைச் சோதித்துப் பாருங்கள்

எழுதுபவருக்கு அழகாகத் தோன்றும் சின்னம் மக்களுக்குப் பயன்படாமல் போகலாம். எல்லாராலும் செலவின்றிச் செய்யத்தக்கதா, பிடிபட்டால் மறுக்க இயலுமா, முன்பிருந்த பழைய பொருள் ஒன்றைத் தாங்கி வருகிறதா என்று கேளுங்கள். காலின்ஸின் நாவலில் அந்த மூவிரல் சைகை அவ்வூரின் பழைய வழக்கம். இறந்தவருக்கு விடைகொடுக்கும் இடங்களில் எப்போதாவது காணப்படுவது. அந்தப் பழைமையே அதற்குக் கனத்தைக் கொடுக்கிறது. கண்ணகியின் சிலம்பு வேறொரு வகை: அது சின்னமாகும் முன்னரே சான்று. அரசியின் சிலம்பில் முத்தும் அவளுடையதில் மாணிக்கமும் இருந்தமையால், அது உடைந்த கணத்தில் வழக்கும் முடிந்துவிட்டது. சான்றாகவும் சின்னமாகவும் ஒரே பொருள் அமையுமானால் எழுதுபவருக்கு அதைவிடப் பெரிய பேறு இல்லை.

அரசு தானே செய்த பொருளிலிருந்து சின்னம் பிறக்கும்போது அதன் வலு இரட்டிக்கிறது. காட்னிஸ் உடையில் குத்தியிருந்த அணியூசியிலிருந்த மாக்கிங்ஜே பறவை, அரசு ஒற்றுக்காக உருவாக்கிக் கைவிட்ட பறவைகள் காட்டுப் பறவைகளோடு கலந்ததால் தோன்றிய, அரசு ஒருபோதும் திட்டமிடாத உயிர். மார்கரெட் அட்வுட்டின் 1985ஆம் ஆண்டு நாவலான ‘தி ஹாண்ட்மெய்ட்ஸ் டேல்’ கதையில் சிவப்பு அங்கியும் வெண்தலையணியும் பெண்களை அடக்க அரசு திணித்த சீருடை; 2017இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சட்டமன்றத்தில் பெண்கள் அதே உடையை அணிந்து வந்து அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள், பின்னர் வேறு நாடுகளிலும் அது தொடர்ந்தது. நம் கதையில் இந்தப் பங்கை ஆணையத்தின் வெள்ளைக் கம்பங்கள் ஏற்கலாம். எல்லாரிடமும் சவள் இல்லை; ஆனால் எல்லாத் துறையிலும் கம்பம் உண்டு. எண்ணுவதற்காக அருகில் நிறுத்தப்படும் மனிதர் அதன்மீது தலையைச் சாய்த்துக் காதை வைத்தால், களைத்துச் சாய்ந்தேன் என்று சொல்லித் தப்பவும் முடியும்.

ஐந்தாம் படி: நாயகி இல்லாத அத்தியாயங்களை எழுதுங்கள்

பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகள் இங்கேதான் தளர்கின்றன. எழுத்தாளருக்கு நாயகியைவிட்டு விலக மனம் வருவதில்லை. ஆனால் சின்னம் அவள் இல்லாத இடத்தில்தான் வளர்கிறது. காலின்ஸின் இரண்டாம் நாவலில் காட்னிஸ் காட்டுக்குள் சந்திக்கும் இரண்டு பெண்கள் அவளுடைய பறவை பொறித்த ரொட்டித்துண்டைக் காட்டுகிறார்கள். தன் உருவம் தனக்குத் தெரியாமலே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அவள் அப்போதுதான் அறிகிறாள். அதே நாவலில், இன்னொரு மாவட்டத்தில் அவளுக்காக ஒரு முதியவர் சீழ்க்கையடிக்க, கூட்டம் சைகை காட்டுகிறது. முதியவர் அங்கேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். முதலில் பின்பற்றியவர் கொடுத்த விலையே சின்னத்தை விளையாட்டிலிருந்து வேறுபடுத்துகிறது. உங்கள் கதையிலும் இரண்டாவது ஆள் யார் என்று முடிவு செய்யுங்கள், அவருக்குப் பெயரும் வீடும் கொடுங்கள். நாச்சியாரின் கதையில் நான் அந்த வரிசையில் நின்ற கிழவியையே தேர்வேன்: மறுநாள் காலை வெள்ளைக் கம்பத்தில் காதை வைப்பவள் அவள், எவரும் அவளை ஒருபோதும் பொருட்படுத்தியதில்லை.

பிறகு வழிகளைத் தேடுங்கள். மருதமுனையின் கைத்தறியில் நெய்யப்படும் சாரத்தின் ஓரத்தில் ஒரு நெடுங்கோடும் அதன்மேல் சிறு வளைவும் புகலாம். முஸ்லிம் பெண்கள் கட்டிச் சொல்லும் கவியில் ஆளின் பெயர் இல்லாமல் ஒரு சவள் மட்டும் வரலாம். களரியில் தென்மோடிக் கூத்து ஆடும்போது, கூத்தைப் பயிற்றுவிக்கும் அண்ணாவியார் எழுதாத ஓர் அசைவை ஆட்டக்காரர் ஒருவர் சேர்க்கலாம்; மத்தளக்காரர் அந்த இடத்தில் ஒரு தாளம் கைநிறுத்தலாம். இவ்வாறு போகப் போகச் செய்தி திரியும், திரிய விடுங்கள். பொத்துவிலில் அவள் நீரில் மூழ்கிவிட்டாள் என்பார்கள், ஓட்டமாவடியில் அவள் இரண்டு பிள்ளைகளின் தாய் என்பார்கள். உண்மையான நாச்சியாருக்கும் ஊர் சொல்லும் நாச்சியாருக்கும் இடையே விரியும் அந்தத் தூரமே கதையின் பிற்பகுதிக்கு விசையாகும்.

இங்கே நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு பொறுப்பும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் நிலத்தில், ஒரு சமூகத்தின் வழிபாட்டிலிருந்தோ கொடியிலிருந்தோ மட்டும் சின்னத்தை எடுத்தால், மற்றவர் அதைத் தம்முடையதாகக் கொள்ள முடியாமற்போகும். சில வேளை அஞ்சவும் நேரும். அது கதைக்குத் தேவைப்படும் முரணாகவும் இருக்கலாம். எதுவாயினும் தெரிந்து செய்யுங்கள். வாவியும் சவளும் எல்லாருக்கும் பொது என்பதாலேயே நான் அவற்றை எடுத்தேன்.

ஆறாம் படி: அதிகாரத்தைப் பிழை செய்ய விடுங்கள்

அதிகாரத்தை மூடத்தனமாகக் காட்டத் தேவையில்லை. அதற்கு முன்னால் உள்ள வழிகள் எல்லாமே கெட்டவை என்று காட்டினாலே போதும். தாய்லாந்தில் 2014 மே மாதம் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின்னர், எதிர்ப்பாளர்கள் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ கதையின் மூவிரல் சைகையை எடுத்துக்கொண்டார்கள். அதைக் காட்டியவர்களை ஆட்சியாளர் பிடித்துச் சென்றபோது, மூன்று விரலுக்கு அஞ்சும் அரசு இது என்பதை உலகம் பார்த்தது. 2021 பெப்ரவரியில் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் அங்கும் அதே சைகை எழுந்தது. அம்மாத இறுதியில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் அந்நாட்டின் தூதர் கியாவ் மோ துன் தம் உரையின் முடிவில் மூன்று விரலை உயர்த்தினார். தடை செய்தால் அச்சம் வெளிப்படும், விட்டால் பரவும். இந்த இக்கட்டில் ஆணையத்தை நிறுத்துங்கள்.

எடுத்துக்காட்டில் ஆணையம் கம்பத்திலிருந்து மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. மக்கள் பாதையின் கைப்பிடியில், மண்வெட்டிப் பிடியில், பஸ்ஸின் இரும்புக் கம்பியில் காதை வைக்கிறார்கள். அடுத்ததாக ஆணையம் தானே அச்சைகையைக் கையகப்படுத்தி, ‘ஆணையம் உங்களைக் கேட்கிறது’ என்ற வாசகத்தோடு சுவரொட்டி ஒட்டலாம். தடையைவிட இது ஆபத்தான நகர்வு. கதையில் கிளர்ச்சி தடுமாறும் இடமாக இதைப் பயன்படுத்தலாம்.

ஏழாம் படி: கிளர்ச்சிக்காரரின் கையிலும் அவளைக் காட்டுங்கள்

காலின்ஸின் 2010ஆம் ஆண்டு நாவலில் கிளர்ச்சித் தலைமை காட்னிஸை ஒளிப்பதிவுக்கூடத்தில் நிறுத்தி வசனம் பேச வைக்கிறது, அது எடுபடவில்லை. மருத்துவமனை தாக்கப்பட்ட பின்னர் அவள் எரியும் இடத்தில் நின்று தன் சினத்தில் பேசியதே மக்களைச் சென்றடைகிறது. நாவலின் இறுதியில் அவள் அம்பை எய்வது பழைய கொடுங்கோலன்மீது அன்று, தன்னைப் பயன்படுத்திய புதிய தலைமையின்மீது. சின்னத்துக்கு உரிமை கோருவோர் இரு பக்கமும் இருப்பர் என்பதை மறந்து எழுதப்படும் கதை பாதிக் கதையே. நாச்சியாரைத் தேடி வருவோர் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவளுடைய தம்பி இறந்தவனாக இருந்தால் கிளர்ச்சிக்கு உதவும், உயிரோடிருந்தால் குழப்பம் என்று அவர்களுள் ஒருவர் மெதுவாகச் சொல்லட்டும். அவ்வளவே போதும், அவள் இரண்டு கரைக்கும் நடுவில் நிற்பாள்.

இப்பகுதியை எழுதும் நம்மவர் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். முப்பதாண்டுப் போரைக் கண்ட இம்மண்ணில், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தாய்மார் இன்றும் நிற்கிறார்கள். அவர்களுள் ஒருவருடைய முகத்தையோ கதையையோ எடுத்துக் கற்பனைக் கதைக்கு அணிசெய்வது தகாது. அவர்களின் நிலையை அறிந்த மனத்தோடு எழுதுங்கள். அவர்களுள் ஒருவர் வாசிக்க நேர்ந்தால் தம்மைத் திருடிவிட்டார்கள் என்று எண்ணாதபடி எழுதுங்கள்.

எட்டாம் படி: வெற்றிக்குப் பின் என்ன என்பதை விட்டுவிடாதீர்கள்

கண்ணகி வழிபாட்டில் நம் முன்னோர் சேர்த்த குளிர்த்திச் சடங்கு இவ்விடத்தில் வழிகாட்டும். வழக்குரை காவியம் பாடி, எரித்தவளின் சினத்தைத் தணிக்கிறார்கள். அவளைப் போற்றுவதோடு நிறுத்தாமல் அவளை ஆறவும் வைக்கிறார்கள். சின்னமானவளுக்கு ஆறுதல் தரும் கடமை ஊருக்கு உண்டு என்ற அந்த எண்ணம் மேற்குநாட்டு டிஸ்டோப்பியக் கதைகளில் நான் காணாதது. ஆணையம் வீழ்ந்த பின் நாச்சியாரின் வளவை யார் திருப்பிக் கொடுப்பது, அவள் துறையில் சாதாரணமாக நிற்க எப்போது விடுவார்கள், தம்பியைப் பற்றிய உண்மையை அவளிடம் யார் போய்ச் சொல்வது ஆகியவற்றுக்கு ஓர் அத்தியாயமேனும் ஒதுக்குங்கள். தம்பி மீண்டு வரவேண்டியதில்லை. ஆனால் அவனைப் பற்றிய செய்தி, அவள் கேட்ட அந்த ஒரு சொல், அவளை வந்தடைய வேண்டும். கதையின் முதல் வேண்டுதல் அதுவேயாதலால் அதைக் கிளர்ச்சியின் வெற்றியைக்கொண்டு ஈடுசெய்ய இயலாது.

திருத்தும்போது

பிரதி முடிந்ததும் நாயகி பேசும் நீண்ட உரைகளை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றையும் நீக்கிப் பாருங்கள். கதை நின்றுவிடாவிட்டால் நீக்கியபடியே விடுங்கள். அடுத்து, சின்னம் தோன்றும் இடங்களையெல்லாம் ஓரத்தில் குறித்து, ஒவ்வொன்றிலும் அதைச் செய்பவர் யார் என்று எழுதுங்கள். பெரும்பாலான இடங்களில் நாயகியின் பெயரே வருமானால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். கடைசியாக, வரிசையில் நின்ற கிழவியின் பகுதியை மட்டும் தனியே பிரித்தெடுத்து, கதையை அறியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவள் ஏன் கம்பத்தில் காதை வைத்தாள் என்று அவரால் சொல்ல முடியவில்லையாயின், மூன்றாம் படியின் காட்சியை வரிசையில் நின்றவர்களின் கண்வழியே முதலிலிருந்து மீண்டும் எழுதுங்கள்.